கொழும்பிலிருந்து வந்தவரின் வலது கண்

கண்ணீர்ச் சுரப்பியில் வரும் புற்றைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்த நோய் பாடப்புத்தகத்தின் ஒரு மூலையில் நாலு வரியாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாற்பது வருஷத்தில் அந்தச் சுரப்பியில் கட்டி வந்தவர்கள் என்று இரண்டு பேரைத்தான் பார்த்தேன். ஒருவருக்கு வந்தது சாதுவான கட்டி. இன்னொருவருக்குப் புற்று. புற்று வந்தவரைப் பற்றி எழுதுகிறேன். இதை மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. சொல்லிச் சொல்லி அலுத்ததே தவிர, லேசாகவில்லை.

நோயைத் தெரிந்துகொள்ள என்னைவிட நல்ல புத்தகங்கள் உண்டு. நான் செய்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதால்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற சாலையில், மேலகரத்துக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு சிறிய டிஸ்பென்சரி இருந்தது. எல்.எம்.பி. என்ற டாக்டர் படிப்பை முடித்து, கொஞ்ச காலம் சர்க்கார் வேலை பார்த்து, ஒத்துவராமல் விட்டுவிட்டு நானே ஆரம்பித்தது. நானும் கம்பவுண்டர் மைதீனும்தான் ஆட்கள். சாரல் காலம் வந்துவிட்டால் பெஞ்சில் உட்கார இடம் இருக்காது. அருவியில் வழுக்கி விழுந்தவர்கள், காதில் தண்ணீர் போனவர்கள், ஈரத்துணியோடு ஊர் சுற்றிக் காய்ச்சல் கண்ட வக்கீல்கள், ஜமீன் வீட்டுப் பெண்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். என்னுடைய பெயர் அந்த இரண்டு மாதத்தில்தான் நாலு ஊருக்குப் பரவும். அந்தப் பெயரின் மேல் எனக்கு ஆசை இருந்தது.

மற்ற மாதங்களில் வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். வயல்காரர்கள், தறி நெய்பவர்கள், அப்புறம் கொழும்பிலிருந்து திரும்பியவர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்களில் நிறையப் பேர் கொழும்புக்குப் போய்க் கடைகளில் வேலை பார்த்தார்கள். வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார்கள். அவர்களில் சிலர் மேகநோயையும் கொண்டு வந்தார்கள். சிபிலிஸ் என்று நீங்கள் படித்தது அதைத்தான். அந்த நோய் எந்த வேஷமும் போடும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். புரியாத வீக்கம் எதைப் பார்த்தாலும் முதலில் அந்த நோய்க்கான அயோடைடு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது அன்றைய முறை. எங்கள் ஊர்ப்பக்க டாக்டர்களுக்கு அது இன்னும் ஒரு படி சுருங்கியிருந்தது. கொழும்பு என்ற சொல் காதில் விழுந்தால் போதும். “கொழும்புக்குப் போனவன் குடை கொண்டாருவான், டிரங்குப் பெட்டி கொண்டாருவான், டாக்டருக்கும் ஒண்ணு கொண்டாருவான்” என்று மைதீன் மருந்து கலக்கிக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் யாரும் தனியாக வருவதில்லை. கூட ஒரு பெரியவர் வருவார். நோயாளி நாக்கை நீட்டுவார், சட்டையைக் கழற்றுவார். என்ன வியாதி என்பதை டாக்டர் பெரியவரிடம்தான் சொல்வார். தன்னைப் பற்றிய பேச்சே இல்லை என்பதுபோல நோயாளி பக்கத்தில் நிற்பார். அதை மரியாதை என்றே நானும் நினைத்திருந்தேன்.

ஒரு ஆடி மாதம், சாரல் நன்றாக இறங்கியிருந்த நாளில், இருவர் வந்தார்கள். ஒருவருக்கு முப்பது வயதிருக்கும். அவருக்கு இங்கே வேலாயுதம் என்று பெயர் வைக்கிறேன். தென்காசிக்காரர். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. கூட வந்தவர் அவருடைய மாமனார், வாசுதேவநல்லூரில் நிலம் வைத்திருந்தவர். குடும்பத்தோடு அருவிக்குக் குளிக்க வந்திருந்தார்கள்.

“அருவித் தண்ணி கண்ணுல அடிச்சிட்டு ஐயா. மருமகன் சொன்னாக் கேக்க மாட்டேங்காரு. பெரிய அருவியில மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்காரு” என்றார் மாமனார்.

“அருவிக்கு முந்தியே வலி இருந்துச்சு மாமா” என்றார் வேலாயுதம்.

வலது கண். மேலிமையின் வெளி ஓரம் வீங்கி, இமையின் விளிம்பு நேராக இல்லாமல் அலைபோல் வளைந்திருந்தது. விழி சற்றே கீழேயும் மூக்குப் பக்கமாகவும் தள்ளியிருந்தது. சிவப்பு இல்லை, சூடு இல்லை. புருவ எலும்பின் வெளிக்கோடியில் விரலை நுழைத்துப் பார்த்தேன். பாக்குத் துண்டுபோல் கெட்டியாக ஒன்று தட்டியது. அழுத்தியதும் அவர் பல்லைக் கடித்தார்.

“எவ்வளவு நாளாய்?”

“மூணு மாசம் இருக்கும். கப்பல்ல வரும்போதே லேசா இருந்துச்சு. ஆசாரி தமரு போட்டுக் கொடையுத மாதிரி உள்ளுக்குள்ள ஒரு வலி. பிறவு, இங்கன…” என்று புருவத்தின் கோடியைத் தொட்டுக் காட்டினார். “இங்கன தொட்டாத் தெரிய மாட்டேங்கு டாக்டர். சோப்புப் போட்டு மூஞ்சி கழுவும்போது இந்த எடம் மட்டும் வேற யாரோடதோ மாதிரி இருக்கு.”

இதைவிடத் தெளிவாக எந்த நோயாளியும் தன் நோயைச் சொல்ல முடியாது. சீழ்க்கட்டி என்றால் சில நாளில் சிவந்து சூடாக வந்திருக்கும். சாதுவான கட்டி என்றால் வருஷக்கணக்கில் வலியில்லாமல் வளர்ந்திருக்கும். சில மாதங்களுக்குள் வளர்ந்து, குடைகிற வலியோடு, அந்த இடத்துத் தோலையும் மரத்துப்போகச் செய்கிற கட்டி, நரம்பைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். புற்றின் குணம் அது. அவர் சொன்ன இரண்டையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். கை எழுதியதே தவிர, காது கேட்கவில்லை. வாசலில் ஒரு ஜமீன் வீட்டு மோட்டார் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“எங்கே வேலை?” என்று கேட்டேன்.

“கொழும்புல, துணிக்கடை.”

அந்த இடத்தில் என் பரிசோதனை முடிந்துவிட்டது.

“கொழும்புல எங்கெங்கே போனீர்?”

அவருக்குக் கேள்வி புரிந்தது. முகம் கறுத்தது. “கடைக்குப் போனேன். கோயிலுக்குப் போனேன். வேற எங்கயும் போவல.”

தட்டிக்குப் பின்னாலிருந்து மைதீனின் சிரிப்புக் கேட்டது. “கோயிலுக்குப் போனவுக எல்லாம் நம்ம பெஞ்சுலதான் உக்காந்துருக்காக.”

“சிரிக்காதீங்க அண்ணாச்சி” என்றார் வேலாயுதம். “நெசமாத்தான் சொல்லுதேன்.”

எனக்கு அது புதிதாக இல்லை. அந்த நோய் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். இல்லாதவரும் அதையேதான் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. நோயாளி மறுப்பதை நம்பாமல் இருப்பதற்குத் தொழில் அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

மாமனாரை ஜன்னலோரம் கூட்டிப் போய், மருமகனுக்கு மேகநோய் என்று சொன்னேன். மகளையும் பேத்தியையும் நான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். சிகிச்சை முடியும்வரை மகள் உங்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்றும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிச்சயமாத்தானா ஐயா?”

“நிச்சயம்” என்றேன்.

சந்தேகம் என்று சொல்லியிருக்கலாம். ரத்தம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். மோட்டார் மறுபடியும் ஹாரன் அடித்தது. வேலாயுதம் மேஜைப் பக்கம் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன அறையில் நாங்கள் பேசியது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

அயோடைடு கலவை கொடுத்தேன், பாதரச மருந்தும் கொடுத்தேன். அந்த மருந்துகளால் மூக்கு ஒழுகி, ஈறு வீங்கி, சோறு மெல்ல முடியாமல் வாரா வாரம் வந்தார். முதல் இரண்டு வாரம் வலி குறைந்த மாதிரி இருந்தது. அது போதுமாக இருந்தது எனக்கு. இந்தப் புற்றில் வலி ஏறும், இறங்கும் என்பது அப்போது தெரியாது. மனைவி பகவதியையும் மூன்று வயதுப் பெண்குழந்தையையும் பார்த்தேன். இருவரிடமும் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். வேலாயுதத்தின் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பியிருந்தேன். இல்லை என்று பதில் வந்தது.

காகிதத்தை மைதீன்தான் பிரித்தார். “இல்லைன்னுல்லா போட்டுருக்கான்” என்றார்.

“பழைய நோயில் ரத்தம் சில சமயம் காட்டிக்கொடுக்காது” என்றேன். அதுவும் புத்தகத்தில் உள்ளதுதான். தெரிந்த ஒரு உண்மையை எடுத்து என் தப்புக்கு முட்டுக்கொடுத்தேன்.

பகவதி குழந்தையோடு வாசுதேவநல்லூருக்குப் போய்விட்டாள். அதன்பின் வேலாயுதம் தனியாகத்தான் வந்தார். கூட வரப் பெரியவர் யாரும் இல்லை. கண்ணைப் பற்றி அவர் கேட்டது குறைவு.

“ஒரு நடை வாசுதேவநல்லூருக்குப் போயிட்டு வரட்டா டாக்டர்? பிள்ளைய மட்டும் பாத்துட்டு வந்துருதேன்.”

“சிகிச்சை முடியட்டும்.”

“முடிஞ்சா, நல்லாயிட்டுன்னு நீங்கதான் அவுககிட்டச் சொல்லணும். நான் சொன்னா மாமா நம்ப மாட்டாக.”

“சொல்கிறேன்.”

ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய இதே பேச்சு. அவருக்கு வேண்டியதெல்லாம் பெண்டாட்டியும் பிள்ளையும் திரும்பி வருவது. அதற்கு என் ஒரு வார்த்தை வேண்டும்.

மார்கழி வந்தபோது விழி வெளியே தள்ளி, இமை மூடவில்லை. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது என்றார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. சென்னையில் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த சர்ஜனுக்குக் கடிதம் எழுதி, நானே ரயிலில் கூட்டிப் போனேன். ரயிலில் வேலாயுதம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தார். எதிரில் இருந்த குழந்தைகள் பயப்படும் என்றார்.

அந்த சர்ஜன் தஞ்சாவூர்ப் பக்கத்தவர். வயதானவர். விரலால் எலும்பு ஓரத்தைத் தடவினார். பிறகு பஞ்சை நூல்போல் திரித்து, கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, புருவத்தின் கோடியில் தொட்டார்.

“தொடறேனா?”

“இல்லீங்க.”

“எத்தனை நாளா இங்க மரத்திருக்கு?”

“ஆடிக்கு முந்தியே. டாக்டர்கிட்டச் சொன்னேன்.”

சர்ஜன் என்னைப் பார்க்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றியுள்ளவனாக இருக்கிறேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். சுரப்பி இருக்கும் பள்ளத்தில் எலும்பு அரித்திருந்தது. அவர் படத்தோடு வெளியே வந்ததும் நான் வராந்தாவில் ஒதுங்கி நின்றேன். என்னிடம் சொல்வார், நான் வேலாயுதத்திடம் பதமாகச் சொல்லலாம் என்று எதிர்பார்த்தேன். “இங்க எதுக்கு நிக்கிறீர்? கண்ணு அவரோடது. அவர்கிட்டயே போய்ச் சொல்லுவோம்” என்று உள்ளே போய், முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு நேராக உட்கார்ந்தார்.

“கண்ணீர் சுரக்கிற இடத்துல புற்று வந்திருக்கு. கண்ணு, இமை, குழிக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் எடுத்தாகணும். அப்புறம் ரேடியம் வைப்போம். அவ்வளவும் பண்ணினாலும் திரும்ப வரலாம். நரம்பைப் பிடிச்சுக்கிட்டு எலும்புக்குள்ள போற ஜாதி இது. ஒளிக்காம சொல்றேன்.”

வேலாயுதம் கேட்டார்: “அப்போ, அது இல்லையா?”

“எது?”

அவர் என் பக்கம் திரும்பினார். “டாக்டர் சொன்ன வியாதி.”

“அதுவா? உம்ம உடம்புல அதுக்கு ஒரு அடையாளமும் இல்லையே. அது உமக்கு இருந்ததே இல்லை.”

வேலாயுதம் சிரித்தார். மூட முடியாத அந்தக் கண்ணோடு, பல் தெரியச் சிரித்தார். நான் பிறகு பலருக்குப் புற்று என்று சொல்லியிருக்கிறேன். கேட்டுச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். “புத்துதானா! சரிங்கய்யா. வெட்டுங்க” என்றார். பிறகு என்னிடம்: “டாக்டர், இதை எழுதித் தாரீங்களா? மாமாவுக்குக் காட்டணும்.”

“தருகிறேன்” என்றேன்.

புறப்படும் முன் சர்ஜனைத் தனியாகப் பார்த்து, ஆடியிலேயே அனுப்பியிருந்தால் கண்ணும் உயிரும் தப்பியிருக்குமா என்று கேட்டேன்.

“கண்ணு அப்பவும் போயிருக்கும். உயிரைப் பத்தித் தெரியாது. சீக்கிரம் எடுத்தும் திரும்ப வந்து பாத்திருக்கேன். இந்த அஞ்சு மாசத்துல பெரிசா நஷ்டம் ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். இதை வச்சு உம்மைத் தேத்திக்கவும் வேண்டாம், அடிச்சுக்கவும் வேண்டாம்.”

நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். திரும்பி வரும் ரயிலில் அந்தப் பதிலின் எனக்கு வேண்டிய பாதியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வேலாயுதம் இரண்டு மாதம் கழித்து, கண்குழியின் மேல் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்து, கடிதம் கேட்டார். எழுதினேன். நான் எழுதியது ஏறக்குறைய இது: இன்னாரின் வலது கண்ணில் தற்போது புற்றுநோய் இருப்பதாகச் சென்னையில் கண்டறியப்பட்டு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. முன்பு அளிக்கப்பட்டு வந்த சிகிச்சை நிறுத்தப்பட்டது.

படித்துப் பாருங்கள், பொய் ஒன்றும் இல்லை. என் தப்பும் அதில் இல்லை. நான் சொன்னது தவறு என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தக் காகிதம் வாசுதேவநல்லூரில் யார் யார் கைக்குப் போகும், அடுத்த சாரலுக்கு முன் எந்தெந்த ஊருக்கு அது தெரியும் என்று யோசித்தேன். யோசித்துத்தான் ஒவ்வொரு சொல்லாக எழுதினேன். அவசரத்தில் செய்த தப்பு ஆடி மாதத்தில் செய்தது. இது நிதானமாகச் செய்தது.

அவர் அதை எடுத்துக்கொண்டு வாசுதேவநல்லூருக்குப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து என் மேஜை முன் நின்றார்.

“மாமா ரெண்டு தடவை வாசிச்சாக. ‘இப்போ புத்து, சரி. முந்தி இருந்தது என்னாச்சு? அது முத்தித்தான இது வந்துருக்கும்’னு கேக்காக. நான் என்ன சொல்ல?”

நான் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துக்கொண்டிருந்தேன்.

“இதுல நான் தப்புப் பண்ணலன்னு எங்கயும் இல்லியே டாக்டர்.”

“டாக்டர் கடிதத்தில் அப்படியெல்லாம் எழுதுகிற வழக்கமில்லை.”

அவர் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஒருவேளை எழுதிக் கொடுத்திருப்பேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டதுண்டு. அதையும் நான் நம்பவில்லை.

பிறகு இரண்டு வருஷம் அவர் என் டிஸ்பென்சரிக்கு வரவில்லை. தென்காசியில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து போடும் வேலை பார்த்தார். புண்ணுக்குக் கட்டுப் போட மைதீன் அவர் வீட்டுக்குப் போய் வந்தார். நான் அனுப்பவில்லை. அவராகப் போனார். கொழும்பு வேடிக்கை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரவில்லை.

வைத்தியமாக உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லத் தெம்பு இருக்காது. அந்த இரண்டு வருஷத்துக்குள் ஆலங்குளத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அதே இடத்தில் வீக்கம். பல வருஷமாக மெல்ல வளர்ந்தது, வலி கிடையாது, தொடுவது தெரிந்தது. என்ன கட்டி என்று பார்க்கக் கொஞ்சம் நறுக்கி எடுத்து அனுப்பலாமா என்று கை துறுதுறுத்தது. செய்யவில்லை. அந்த சர்ஜனுக்கே எழுதிக் கேட்டேன். சாதுவான கட்டியைக் கிள்ளினால் அது சிதறி மறுபடி மறுபடி முளைக்கும், சில சமயம் புற்றாகவும் மாறும், உறையோடு முழுசாக எடுக்க வேண்டும் என்று எழுதி, அனுப்பி வைக்கச் சொன்னார். அந்த அம்மாள் நல்ல கண்ணோடு ஊர் திரும்பினார். ஆகவே அந்த இடத்து வீக்கத்தில் மூன்றைக் கேளுங்கள். எத்தனை நாளாக, வலி உண்டா, தொட்டால் தெரிகிறதா. கேட்டுவிட்டு, நோயாளி சொல்லும் பதிலை நம்புங்கள். புற்றாக இருந்தால், எடுத்த பிறகும் அது பெரும்பாலும் திரும்பி வரும், சில சமயம் வருஷங்கள் கழித்து. அதை அவரிடமே சொல்லுங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் கருவிகள் எங்களிடம் இல்லை. கேட்கிற காது எங்களுக்கும் இருந்தது.

ஒரு தை மாதம், காலை வேளை. மைதீன் மருந்து அறையிலிருந்து வந்து என் முன்னால் நின்றார்.

“ஐயா, வேலாயுதத்துக்குத் திரும்பி வந்துட்டு. நெத்திப்பொட்டுல கடுகு கணக்கா நாலஞ்சு கட்டி முண்டிருக்கு. வலி தாங்க முடியல அவருக்கு.”

“சென்னைக்குக் கூட்டிப் போவோம்.”

“போவ மாட்டேங்காரு. கேட்டாச்சு. எம்புள்ளயப் பாக்காம எங்கயும் வரலங்காரு.” அவர் தொண்டையைச் செருமினார். “நீங்க வாசுதேவநல்லூருக்குப் போயிச் சொல்லணும் ஐயா.”

நான் மேஜையிலிருந்த நோட்டைப் புரட்டினேன்.

“நானும் அன்னைக்குச் சிரிச்சவன்தான். ஒங்ககூட நானும் வாரேன்.”

அன்றைக்கு டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் போனபோது மாமனார் களத்தில் இருந்தார். நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு, தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போய் நாற்காலி போட்டார், மோர் கொண்டு வரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“உங்கள் மகளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.”

“எங்கிட்டச் சொல்லுங்கய்யா. நான் சொல்லிக்கிடுதேன்.”

“உங்களிடம் சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று. அவளையும் கூப்பிடுங்கள்.”

பகவதி உள்ளே கதவருகில்தான் நின்றிருந்தாள். வெளியே வந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் ஒன்று. முகம் அப்படியே வேலாயுதம்.

“உன் புருஷனுக்கு அந்த வியாதி இருந்ததே இல்லை அம்மா” என்றேன். “முதலிலிருந்தே புற்றுதான். அவர் சொன்னது நிஜம். நான் சொன்னதுதான் தப்பு.”

பகவதி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒங்களுக்கு எப்போ தெரியும்?”

“இரண்டு வருஷமாயிற்று. சென்னையில் வைத்து.”

“அப்போ அந்தக் கடுதாசி?”

“தெரிந்தேதான் அப்படி எழுதினேன்.”

மாமனார் ஒரு அடி முன்னால் வந்தார். அவ்வளவு நேரம் ஐயா என்றவர், “நீரெல்லாம் ஒரு டாக்டரா வே?” என்றார். “எம்மவ ரெண்டரை வருஷமா இங்கன கெடந்து அழுதிருக்கா. அந்தப் பயல நான் வாசப்படி ஏற விடலியே வே! கடுதாசியோட வந்தவனத் தண்ணி கூடக் குடுக்காம அனுப்பினேனே!” அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவர் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பகவதி அழவில்லை. “எம்புட்டு நாள் இருப்பாக?” என்று கேட்டாள்.

“ஆறு மாதம். ஒன்றிரண்டு கூடலாம்.”

“வலிக்கு மருந்து உண்டுமா?”

“உண்டு. மார்ஃபியா என்று ஒரு ஊசி. நான் வந்து போடுகிறேன்.”

“நீங்க வர வேண்டாம்” என்றாள். மைதீனைக் கையால் காட்டினாள். “இவுக வந்து போடட்டும்.”

உள்ளே போய் ஒரு துணி மூட்டையோடு வந்துவிட்டாள். அப்பாவிடம் சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. அவர் துண்டை எடுக்கவேயில்லை. திரும்பும் பஸ்ஸில் அவளும் குழந்தையும் முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் மைதீனும் பின்னால். தென்காசியில் இறங்கியதும் மைதீன் வழிகாட்டிக்கொண்டு நடந்தார். நான் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பத்தடி பின்னால் போனேன்.

வேலாயுதம் முன்னறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பி நல்ல கண்ணை எங்கள் பக்கம் வைத்தார். பகவதியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். கறுப்புத் துணியைக் கை தானாகப் போய்ச் சரிசெய்தது.

“ஏட்டி, இது ஒங்க அப்பா. கிட்டப் போ” என்றாள் அவள் குழந்தையிடம். குழந்தை அசையவில்லை.

“பிள்ள பயந்துரும் பகவதி” என்றார் வேலாயுதம். “இந்தப் பக்கமா வாங்க. இந்தப் பக்கம் நல்லாருக்கும்.”

“பயந்தாப் பயந்துட்டுப் போறா. ரெண்டு நாள்ல பழகிக்கிடுவா.”

அவள் அறையைச் சுற்றி நடந்து, துணி கட்டிய பக்கம் போய், அவரை ஒட்டி உட்கார்ந்து, குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேலாயுதம் அவளைப் பார்க்க முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினார்.

மைதீன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. நான் டிஸ்பென்சரிக்கு நடந்தேன்.